ஒலிக்கும் கைப்பட்டையும் நம் குழந்தைகளும்: அனுபவங்களைப் பகிருங்கள்

மகளின் தாய்

பார்வையற்ற குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டப்படும், கை அசையும்போது மட்டும் ஒலிக்கும் கைப்பட்டையை இங்கே பெரும்பாலோர் அறிந்திருப்பீர்கள். பிறவியிலேயே பார்வையற்ற என் மகளுக்கு நான்கு வயது நடந்துகொண்டிருந்தபோது, பயிற்சியின்போது அதை அவளுடைய வலது மணிக்கட்டில் கட்டினார்கள். கையை வீசினாள், ஒலித்தது. நிறுத்தினாள், ஓசையும் நின்றது. சிலமுறை இப்படிச் செய்து பார்த்துவிட்டு, வலக்கையைத் தலைக்கு மேலே மெல்ல உயர்த்தி, ஓசை எங்கே போகிறதென்று கழுத்தைச் சாய்த்துக் கேட்டவள், சட்டென்று இடக்கையையும் மேலே கொண்டுபோய், சற்றும் துழாவாமல் அந்த மணிக்கட்டை நேராகப் பற்றினாள். மார்புக்கு முன்னால் தவிர வேறெங்கும் அவளுடைய இரு கைகளும் தாமாகச் சேர்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை. பயிற்றுநர் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார். அந்தப் பிடி மட்டும் என் மனத்தைவிட்டு இன்றும் அகலவில்லை. அவள் பிடித்தது ஓசையையா, தன் கையையா?

நடமாட்டப் பயிற்றுநர்

அம்மா, இரண்டையும் ஒருசேரப் பிடித்தாள் என்றே நான் கருதுகிறேன். கை எங்கே இருக்கிறது என்பதைத் தசைகளும் மூட்டுகளும் அவளுக்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. காதில் விழும் ஓசை வெளியில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது வேறொரு செய்தி. பார்வையுள்ள குழந்தை தன் கை அசைவதைப் பார்த்துப் பார்த்தே இவ்விரண்டையும் பிணைத்துக்கொள்கிறது. பார்வையுள்ள குழந்தைகள் ஐந்தாவது மாத வாக்கில் கண்ணில் படும் பொருளை எட்டிப் பிடிக்கத் தொடங்க, பார்வையற்ற குழந்தைகள் ஓசையை மட்டும் நம்பிக் கை நீட்டுவதற்கு முதலாண்டின் இறுதி நெருங்கிவிடுகிறது என்று பார்வையற்ற குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்த செல்மா ஃப்ரைபெர்க் 1970களிலேயே பதிவு செய்திருக்கிறார். இத்தாலியின் ஜெனோவாவில் ஆய்வாளர் மோனிகா கோரி குழுவினர் இந்த ஒலிக்கும் கைப்பட்டையை உருவாக்கியதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான். அவர்கள் 6 முதல் 17 வயது வரையுள்ள 44 பேரிடம் 12 வாரங்கள் நடத்திய ஆய்வில், பட்டை அணிந்து பயின்றவர்களின் இடவுணர்வும் நடமாட்டமும் மேம்பட்டன. உங்கள் மகள் அந்த வயதெல்லைக்குள் வரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

என்னை உறுத்திக்கொண்டிருப்பது வேறொரு கருவி. தடையை உணர்ந்தால் இடுப்பைச் சுற்றி அதிரும் பட்டை ஒன்றை ஒரு சிறுவனுக்குக் கட்டியபோது, அதிர்வு வந்த ஒவ்வொரு முறையும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சுவரும் நாற்காலியும் அவனைப் பொறுத்தவரை ஒரே நடுக்கம்தான். கைப்பட்டை ஒலிப்பது குழந்தை செய்த செயலுக்கு விடையாக. இடுப்புப்பட்டை அதிர்வதோ அவன் இன்னும் தொட்டறியாத ஒன்றுக்காக. இந்த வேறுபாட்டைக் கருதாமல் எல்லாவற்றையும் பல்புலன் கருவி, அதாவது பல புலன்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் கருவி என்று ஒன்றாகச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பார்வையற்ற வாசகர்

பயிற்றுநரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் குழந்தையின் காது காலியாகக் காத்திருப்பதைப் போல எல்லோரும் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது நாக்கைச் சொடுக்கி, அதன் எதிரொலியைக் கொண்டே சுவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறதா என்றெல்லாம் கண்டுபிடித்துவிடுவேன். ஒருமுறை, காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கேட்கும் ஓசையாக மாற்றித் தரும் கருவி ஒன்றைத் தலையில் மாட்டி நடக்கச் சொன்னார்கள். அதன் இரைச்சல் இரு காதுகளையும் அடைத்துவிட, எனக்கு நன்கு பழகிய தாழ்வாரத்தில், திறந்திருந்த கதவின் விளிம்பு நெற்றியில் பட்ட பிறகுதான் கதவு இருப்பதே தெரிந்தது. 1970களில் குழந்தை உளவியலாளர் டி.ஜி.ஆர். பவர் இத்தகைய கருவியைக் கைக்குழந்தைக்கே அணிவித்து வியக்கத்தக்க பலன்களை அறிவித்தார். பின்னர் வந்த ஆய்வாளர்களுக்கு அத்தனை பெரிய மாற்றம் கிட்டவில்லை. குழந்தையின் காது ஏற்கெனவே ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கருவியைக் கட்டுங்கள்.

மகனின் தந்தை

நண்பர் சொல்வது தலையில் மாட்டும் கருவிக்குப் பொருந்தலாம். கை நின்றவுடன் ஓய்ந்துவிடும் பட்டையை அதனோடு ஒப்பிடுவது நியாயமன்று. மங்கலான பார்வை மட்டுமே உள்ள என் மகனுக்கு வாங்கிய பட்டையை ஒருநாள் நானே கட்டிக்கொண்டு அறையைக் கடந்தேன். அதுவரை என் குரலுக்குக்கூட நகராதவன், என் கையைத் தொடர்ந்து தவழ்ந்து வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். ஏன் குரலுக்கு வரவில்லை, பட்டைக்கு மட்டும் ஏன் வந்தான் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

யாரும் கேட்கவில்லையென்றாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். எந்த ஒலிக்கருவியையும் தொடங்கும் முன் குழந்தையின் செவித்திறனைப் பரிசோதித்துவிடுங்கள், ஏனெனில் குறைமாதத்தில் பிறந்து பார்வை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குச் செவித்திறன் குறைபாடும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. ஊட்டும்போதும் உறங்க வைக்கும்போதும் கழற்றிவிடுங்கள். பிள்ளை பேசத் தொடங்கினால் ஒலியைக் குறைத்துவிடுங்கள். மொழியைவிடக் கருவி பெரிதன்று. பட்டைக்கு அடியில் வியர்வை தேங்கித் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரி அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் அளவுள்ள தட்டை பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். அப்படி ஒரு சந்தேகம் எழுந்தாலே விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். எதையும் வாயில் வைத்துப் பார்த்தே அறியும் நம் பிள்ளைகளிடம் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

பார்வையற்ற வாசகர்

பேட்டரி பற்றிய எச்சரிக்கையை முழு மனத்தோடு ஏற்கிறேன். பெரியவர் பட்டையைக் கட்டிக்கொண்டு நடப்பதிலும் எனக்கு மறுப்பில்லை, அப்போது ஓசை ஓர் ஆளோடு சேர்ந்து நகர்கிறது. நீங்கள் அழைத்தபோது நின்ற இடத்திலிருந்தே அழைத்தீர்களா, நடந்துகொண்டே அழைத்தீர்களா? ஒரே இடத்திலிருந்து ஒருமுறை எழுந்து ஓய்ந்துவிடும் குரலைத் தேடி வருவது குழந்தைக்குக் கடினம். அடுத்த முறை பட்டையில்லாமல், பேசிக்கொண்டே அறையைக் கடந்து பாருங்கள். அவன் அதற்கும் தொடர்ந்து வந்தால் இங்கே எழுதுங்கள்.