கரண்ட் போனபோது ஃப்ரீசர் சாப்பாடு கைகொடுத்ததா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

முதலில் என் கதை. புயல் வருகிறது என்றதும் ஒரு நாள் முழுக்க அடுப்படியில் நின்று சோறும் ராஜ்மாவும் வேகவைத்து, இருந்ததிலேயே பெரிய டப்பா இரண்டில் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு. மறுநாள் இரவு கரண்ட் போனது. அதற்கடுத்த நாள் மதியம் ஒரு டப்பாவை எடுத்தால் செங்கல் மாதிரி இருந்தது. கையில் இருந்தது சின்ன கேஸ் அடுப்பு ஒன்றுதான். அதை வெளியே வைத்து, ஓரம் இளக இளகக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடி பிடித்துக் கருகியது; நடுவில் மட்டும் கட்டி அப்படியே. இருந்த கேஸில் பாதி அந்த ஒரு வேளைக்கே போயிற்று.

இப்போது ஓர் ஆள், ஒரு வேளை அளவுக்கு ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, விரல் கனத்துக்குத் தட்டையாகத் தட்டில் பரப்பி உறைய வைக்கிறேன். உறைந்ததும் புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம். வேண்டும்போது கையாலேயே உடைத்துப் பாத்திரத்தில் போட்டால் சீக்கிரம் சூடாகிவிடும்.

ராஜ்மாவை எதற்கு முன்கூட்டியே வேகவைக்க வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். ஊறவைத்த பிறகும் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அதிலுள்ள நச்சு போகும். அரைவேக்காடாகத் தின்றால் வாந்தி நிச்சயம். எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நாளில் அது ஆகிற காரியமா?

சோறு வேறு விஷயம். அரிசியில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும்; அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அதனால் வடித்த உடனே அகலத் தட்டில் பரப்பி, ஆறியதும் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுவேன்.

*

அக்கா, எனக்குப் பாடம் கதவில்தான். கரண்ட் போன அன்று "எல்லாம் சரியாக இருக்கிறதா" என்று நான் ஒரு தடவை, பிள்ளைகள் நாலு தடவை திறந்து பார்த்தோம். பார்த்ததே கெடுத்தது. நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் சுமார் 48 மணி நேரம் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கீழே இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு 4 மணி நேரம்தான், அதனால் அதில் இருப்பதை முதலில் காலி செய்ய வேண்டும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வையுங்கள். விளிம்பு வரை மட்டும் நிரப்ப வேண்டாம், உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். என் கண்ணாடி ஜாடி ஒன்று அப்படித்தான் வெடித்தது. சூப்போடு சேர்த்துத் தூக்கிப் போட்டேன்.

*

நாங்கள் ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் கல்லாக உறைந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி. நல்லவேளை, ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து மேலே காசு ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தேன். காசு அடியில் கிடந்தது. அதாவது எல்லாம் முழுதாக உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மனசே இல்லாமல் அத்தனையையும் கொட்டினேன். காசு பாதியில் நின்றிருந்தால் என்ன முடிவு எடுப்பது? அதற்குப் பதில் இல்லாததால் இப்போது உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் பையில் இன்னும் பனித்துகள் இருந்தாலோ 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருந்தாலோ திரும்ப உறைய வைக்கலாம். சுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

*

எல்லாரும் பெரிய விஷயமாகச் சொல்கிறீர்கள், நான் சின்னதாக ஒன்று. பையில் பெயரும் தேதியும் எழுதுங்கள், அதுவும் நிரப்புவதற்கு முன்னால். ஈரப் பையில் பேனா பிடிக்காது. நான் எழுதாமல் விட்டதால் டார்ச் வெளிச்சத்தில் சூப் என்று நம்பி உப்பும் மிளகும் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஆப்பிள் கூழ். பசியில் அதையும் சாப்பிட்டோம்.