அப்பாவுக்கு 71, காருக்கு 10 வயதுக்கு மேல்: முழு காப்புறுதியா, தர்ட் பார்ட்டியா?

பெர்ஜுந்தை மகன்:
வணக்கம். மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவில் அப்பா ஓட்டுவது 1.3 லிட்டர் மைவி கார், 2012-இல் பதிந்தது. கிராண்ட் (காரின் உடமைப் பத்திரம்) அப்பா பேரில், என்சிடி (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) 55 சதவீதம். ஏஜென்ட் 15,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) முழு காப்புறுதி எழுதலாம் என்கிறார். பழைய காருக்கு தர்ட் பார்ட்டி (எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான காப்பு) போதும் என்கிறார் அப்பா. வயதைக் காட்டி விலையைக் கூட்டுவார்களோ என்று காரை என் பேருக்கு மாற்ற யோசனை. எனக்கு என்சிடி கிடையாது.

கணக்குப்பிள்ளை:
பேரை மாற்றாதீங்க தம்பி. என்சிடி காருக்குச் சொந்தமில்லை, உடமையாளருக்குச் சொந்தம். உங்க பேருக்கு வந்ததும் பூஜ்யத்திலிருந்து தொடங்கணும்.

தீபகற்பத்தில் 1,400 சிசிக்குள் பழைய கட்டண அட்டவணைப்படி காப்புத் தொகையில் முதல் 1,000 வெள்ளிக்கு 273.80, அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 26. 15,000-க்கு 637.80 வரும். 55 சதவீதம் கழித்தால் 287.01. சேவை வரி 8 சதவீதமும் முத்திரை வரி 10 வெள்ளியும் சேர்த்தால் 319.97. தர்ட் பார்ட்டிக்கு இதே கணக்கு: 120.60-இல் தொடங்கி 68.61-இல் முடியும். வித்தியாசம் 251 வெள்ளி. உங்க பேரில் என்றால் முழு காப்புறுதி ஏறக்குறைய 699.

2017 ஜூலை 1 முதல் முழு காப்புறுதியின் விலையை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. வயதுக்குக் கூட்டிக் கேட்பவரும் உண்டு, கண்டுகொள்ளாதவரும் உண்டு. ஒரே ஏஜென்டை நம்பாமல் மூன்று இடத்தில் கேளுங்க. இணையத்தில் நேரடியாக எடுத்தால் ஏஜென்டுக்குப் போகும் 10 சதவீதம் பெரும்பாலும் தள்ளுபடியாக உங்களுக்கே வரும்.

ஸ்பேனர்:
விலை சரிதான். அந்த 15,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டீங்களா? பலர் பிரிமியத்தை (ஆண்டுக் கட்டணத்தை) குறைக்க காப்புத் தொகையைக் குறைத்து எழுதுவார்கள். சந்தை விலை 18,000 என்று வைங்க. 15,000 என்பது அதில் 83 சதவீதம்தான். 90 சதவீதத்துக்குக் கீழே போனால் விகிதப்படிதான் கொடுப்பார்கள்: 6,000 வெள்ளி ரிப்பேருக்கு 5,000 வரும், மிச்சம் ஆயிரம் அப்பா பாக்கெட்டிலிருந்து. கூட்டி எழுதினாலும் லாபமில்லை, சந்தை விலைக்கு மேல் ஒரு சென்னும் வராது.

இன்னொன்று பெட்டர்மென்ட். பழைய காருக்குப் புது சாமான் போட்டால் அதில் ஒரு பங்கு நீங்க கட்டணும். 5 வயது காருக்கு 15 சதவீதம், ஆண்டுக்கு 5 கூடி, 10 வயதுக்கு மேல் 40-இல் நிற்கும். 400 வெள்ளி முன்விளக்குக்கு உங்க பங்கு 160. இது சாமானுக்கு மட்டும், கூலிக்கு இல்லை. தள்ளுபடி செய்யும் கூடுதல் காப்பு தனியாக விற்கிறார்கள், ஆனால் இவ்வளவு பழைய காருக்கு எல்லாரும் தரமாட்டார்கள்.

பெர்ஜுந்தை மகன்:
நன்றி அண்ணே. அப்போ தர்ட் பார்ட்டியே மேலா? செம்பனைக் குலை லோரி பின்னாலேயே பாதி வழி ஓட்ட வேண்டியிருக்கு, கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு புள்ளி. பி லைசென்ஸ் (புது ஓட்டுநருக்கான தற்காலிக உரிமம்) வைத்திருக்கும் அக்கா மகனும் சில நாள் ஓட்டுவான்.

கணக்குப்பிள்ளை:
கண்ணாடிக்குத் தனிக் காப்பு, அதன் விலையில் 15 சதவீதம். 600 வெள்ளிக்கு எழுதினால் 90. டின்ட் ஒட்டியிருந்தால் அதன் விலையையும் சேர்த்தே எழுதுங்க. இதில் கோரினால் என்சிடி போகாது. ஆனால் இருக்கும் புள்ளி இதில் சேராது. ஐந்து சென் காசு அளவுக்குள் இருந்தால் இப்பவே பசை ஊற்றி அடைத்துவிடுங்க. உச்சி வெயிலில் நின்ற காரில் ஏர்கோனை முழுசாகத் திறந்தால் விரிசல் ஓரம் வரை ஓடிவிடும்.

வெள்ளக் காப்பு முழுசாக என்றால் பழைய கணக்கில் 0.5 சதவீதம், அதாவது 75 வெள்ளி. வரம்பு வைத்த மலிவுக் காப்பும் உண்டு, எவ்வளவு வரை தருவார்கள் என்று படிச்சுப் பாருங்க.

அக்கா மகன் பேரை எழுதினாலும் பி லைசென்ஸ் என்பதால் சேதத்தில் முதல் 400 வெள்ளி உங்களுடையது. 20 வெள்ளி கட்டி எல்லா ஓட்டுநரையும் சேர்ப்பது, பெயர் எழுதாதவருக்கான 400-ஐத்தான் நீக்கும், இதை நீக்காது.

ஸ்பேனர்:
முழு காப்புறுதிக்கு உண்மையான காரணம் வேறு, தம்பி. எதிராளி மேல் தவறு என்று போலீஸ் முடிவு வந்தால், முழு காப்புறுதி வைத்திருப்பவர் தன் நிறுவனத்திலேயே கேட்டு வாங்கலாம், என்சிடி அசையாது. தர்ட் பார்ட்டிக்காரர் எதிராளியின் நிறுவனத்தைத் துரத்தணும். சேத மதிப்பீட்டாளர் செலவும் முதலில் தன் கையிலிருந்து. 71 வயதில் அந்த அலைச்சல் வேண்டாமே.

தவறு அப்பாவுடையது என்றால் சின்ன ரிப்பேருக்குக் கோராதீங்க. 55 பூஜ்யமாகி, அடுத்த ஆண்டுகளில் 25, 30, 38.33, 45 என்று ஏறித் திரும்ப 55-க்கு வருவதற்குள், தொகை மாறாவிட்டால் வரியோடு 941 வெள்ளி கூடுதலாகக் கட்டியிருப்பார். அதற்குள் முடிகிற வேலையைக் கைக்காசில் பார்ப்பதே மேல். எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போட், 7 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல்.

பெர்ஜுந்தை மகன்:
பேர் மாற்றவில்லை. சந்தை விலையைக் கேட்டு ஏஜென்டுக்கு இப்பவே வாட்ஸ்அப் போட்டுவிட்டேன். கண்ணாடிப் புள்ளியை அளந்தேன், ஐந்து சென்னுக்குள்தான். நாளைக்கே பட்டறை.