ரீபில்ட் பாதியில் நின்ற ரெய்டு 5: பழைய டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கலாமா?

கிருஷ்ணகிரி ஸ்டூடியோ:
4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5 (டேட்டாவைப் பிரித்து எழுதும் முறை, ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றை வைத்துக் கணக்கிட்டு எடுக்கலாம்). வைகாசி முகூர்த்த சமயத்தில் முதல் டிஸ்க் கழன்றுகொண்டது. வேலை நெருக்கடி, மூன்று வாரம் அப்படியே ஓட்டிவிட்டேன். நேற்று புது டிஸ்க் போட்டு ரீபில்ட் (போன டிஸ்க்கின் டேட்டாவைப் புதியதில் திரும்ப எழுதுவது) கொடுத்தால், 70 சதவீதத்தில் மூன்றாவது டிஸ்க்கும் போய்விட்டது. பதினொரு கல்யாணம் உள்ளே இருக்கிறது. என்ன செய்வது?

தருமபுரி சர்வீஸ்:
பயப்படாதீங்க அண்ணா. முதல் டிஸ்க் பெரும்பாலும் செத்திருக்காது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க நிமிடக்கணக்கில் மல்லுக்கட்டும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும், அப்புறம் தள்ளிவிடும். பழையதையே செருகி, லினக்ஸின் ரெய்டு கருவியான mdadm-இல் கிரியேட் (ரெய்டைப் புதிதாக உருவாக்கும்) கட்டளையை அசூம்-க்ளீனோடு (டேட்டா சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளச் சொல்வது) கொடுங்கள். பாலக்கோட்டில் ஒரு கடைக்கு இப்படித்தான் எடுத்துக்கொடுத்தேன்.

ஓசூர் சர்வர்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த டிஸ்க்கில் இருப்பது மூன்று வாரத்துக்கு முந்தைய நிலை. அதற்குப் பிறகு எழுதிய வீடியோவில் பழைய துண்டும் புதிய துண்டும் கலந்து வரும், திறக்காது. கிரியேட் கட்டளை, ரெய்டின் அமைப்பைச் சொல்லும் பழைய தலைப்புக் குறிப்பை அழித்து எழுதும். டிஸ்க் வரிசை, சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் ஒரு தடவை எழுதும் துண்டின் அளவு), டேட்டா ஆஃப்செட் (டிஸ்க்கில் டேட்டா தொடங்கும் இடம்) எல்லாம் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். ஆஃப்செட் mdadm பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. பாலக்கோட்டில் பொருந்தியது அந்தக் கடைக்காரர் அதிர்ஷ்டம்.

முதலில் எக்ஸாமின் (தலைப்புக் குறிப்பைப் படித்துக் காட்டும் கட்டளை) கொடுத்து ஒவ்வொரு டிஸ்க்கின் ஈவென்ட் எண்ணையும் (ரெய்டில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்) எழுதிவையுங்கள். மூன்றாவது டிஸ்க்கின் எண் மற்ற இரண்டுக்கும் ஒட்டி இருக்கும். 2, 3, 4 போதும், முழு டேட்டாவும் அதில் இருக்கிறது. மூன்றையும் க்ளோன் (முழு நகல்) எடுத்து, அதில் வேலை செய்யுங்கள்.

தருமபுரி சர்வீஸ்:
கழன்று மூன்று வாரம் என்பதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன், அது சரிதான். ஆனால் மூன்றையும் க்ளோன் எடுக்கச் சொன்னால் டிஸ்க் வாங்கப் பணம்? நல்ல டிஸ்க் இரண்டுக்கும் ஓவர்லே போதும். எழுதுவதெல்லாம் வேறு ஃபைலுக்குப் போகும், அசல் தப்பிக்கும். மூன்றாவதை மட்டும் அந்தப் புது டிஸ்க்கில் டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி) போட்டு எடுக்கலாமே.

ஓசூர் சர்வர்:
ஓவர்லே சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புது டிஸ்க்கில் எழுதக் கூடாது. ரீபில்ட் ஆன 70 சதவீதம் அதில் உருப்படியாக இருக்கிறது. படிக்கும்போதே மூன்றாவது டிஸ்க் முழுசாகப் போனாலும், அந்தப் பகுதியை 2, 4, புதியது மூன்றையும் வைத்துக் கணக்கிட்டு எடுக்கலாம். க்ளோனுக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள். டிடிரெஸ்க்யூவுக்கு மேப் ஃபைல் (எது படித்தாயிற்று என்ற பதிவு) கட்டாயம். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 2, 4-இன் ஓவர்லேயை அந்த க்ளோனோடு ஃபோர்ஸ் (ஈவென்ட் எண் சற்று வேறுபட்டாலும் சேர்க்கச் சொல்வது) கொடுத்துச் சேர்த்து, ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்யுங்கள். மூன்றாவது டிஸ்க்கில் கடகட சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிட்டு, பெங்களூரில் ஒரு லேபுக்குக் கொண்டுபோங்கள்.

கிருஷ்ணகிரி ஸ்டூடியோ:
சத்தம் இல்லை. பழைய டிஸ்க்கில் "சேர்க்காதே" என்று எழுதி ஒட்டிவிட்டேன். இன்னொரு 4 டிபி வாங்கக் கிளம்புகிறேன்.