குழந்தை வந்த பிறகு கோல்ஃப் காரில் விண்ட்சர்ஃப் சாமான்: எல்லாம் கூரைக்குப் போகலாமா?

நீர்க்காகம் (கேள்வி):

வணக்கம். ரோட்டர்டாமிலிருந்து ப்ரௌவர்ஸ்டாம் அணைப் பக்கம் போய் விண்ட்சர்ஃப் (பாய் மாட்டிய பலகையில் நின்று காற்றில் சறுக்குவது) செய்வது வழக்கம். கார் ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஹேட்ச்பேக். டிக்கி 380 லிட்டர், கூரையில் ரெயில் கிடையாது. இதுவரை பின்சீட்டை மடக்கி, முன்சீட்டைச் சாய்த்து, எல்லாவற்றையும் உள்ளேயே ஏற்றினேன். இப்போது நான்கு மாதக் குழந்தை. பின்னால் ஐசோஃபிக்ஸ் (காரின் கொக்கிகளில் நேரே பூட்டும்) குழந்தை சீட், மனைவி முன்சீட்டில், டிக்கியில் ஸ்ட்ரோலர்.

சாமான்: 105 லிட்டர் போர்டு (236 × 65 செ.மீ.), 400, 430 செ.மீ. ஆர்.டி.எம். (விட்டம் குறைந்த வகை) மாஸ்ட், செயில் (பாய்) மூன்று (4.7, 5.7, 6.7 சதுர மீட்டர்), 140–190 செ.மீ. பூம் (பாயைப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிச் சட்டம்) ஒன்று. கூரைப்பெட்டி வாங்குவதா, டிரெய்லரா, கூரையில் குறுக்குக் கம்பி மட்டும் போதுமா?

தென்மேற்கு:

குறுக்குக் கம்பி போதும். பெட்டிக்குள் போர்டு போகாது. பெட்டிக்குப் பக்கத்தில் 65 செ.மீ. போர்டு வைக்கக் கம்பியில் இடமும் மிஞ்சாது. கையேட்டில் உங்கள் காரின் கூரை எடை வரம்பைப் பாருங்கள், 75 கிலோ என்று இருக்கும். அதில் கம்பியின் எடையும் சேர்த்தி. கம்பி 6, பையோடு போர்டு 11, மாஸ்ட் இரண்டும் 4, செயில்கள் 12, மாஸ்ட் குழாய் 7, ஆக 40 கிலோ அளவில் முடிந்துவிடும்.

மாஸ்டுக்குக் கழிவுநீர் பிவிசி குழாய்தான் நல்லது. 110 மி.மீ. குழாயில் ஒரு ஆர்.டி.எம். மாஸ்டின் இரண்டு துண்டும் போகும். உங்களுக்கு மாஸ்ட் இரண்டு, அதனால் 160 வாங்குங்கள். நீளத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். 430-ஐப் பாதியாக்கி 215 என்று வெட்டிவிடுவார்கள், பிறகு மூடி மூடாது. ஒரு துண்டின் முனையில் மற்றதற்குள் நுழையும் ஃபெரூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்து டேப் வைத்து அளந்து, 5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். முன்முனையை நிரந்தர மூடியால் ஒட்டிவிடுங்கள், பின்முனையில் திருகு மூடி. பின்பக்க அடியில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டால் தண்ணீர் வடியும். கம்பியோடு யூ-கிளாம்ப் இரண்டு, உள்ளே ரப்பர் துண்டு.

ஏற்றும் வரிசை: கம்பியில் பஞ்சு உறை. அதன்மேல் மூன்று செயிலும் ஒரே பையில், தட்டையாக. அதற்கு மேல் போர்டு கவிழ்ந்து, அதாவது ஃபுட்ஸ்ட்ராப் (கால் நுழைக்கும் பட்டை) இருக்கும் பக்கம் கீழே, மூக்கு முன்னால், ஃபின்னை (அடித் துடுப்பை) கழற்றிவிட்டு. நிமிர்த்தி வைத்தால் மூக்கின் வளைவு மேல்நோக்கி நிற்கும், அடியில் புகும் காற்று போர்டைத் தூக்கும். கவிழ்த்தால் அதே வளைவு காற்றைக் கீழே அழுத்தும். பின்கம்பி ஃபுட்ஸ்ட்ராப்பின் மேல் விழாதபடி போர்டை முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

கட்டும் ஸ்ட்ராப் கேம் பக்கிள் (கையால் இழுத்து இறுக்கும்) வகைதான், ராட்செட் (நெம்பி இறுக்கும் வகை) வேண்டவே வேண்டாம். நெம்புகோல் கொடுக்கும் விசையில் போர்டின் ஓரம் நசுங்கும். உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன், மேலே மெல்லிய ஓடு. மயிரிழை விரிசல் விழுந்தாலும் தண்ணீர் உறிஞ்சும். கையால் இழுத்து இறுக்கினாலே போதும். முன் ஸ்ட்ராப், பின் ஸ்ட்ராப், கூடவே போர்டின் மூக்கிலிருந்து பானெட் ஓரத்துக்கு ஒரு கயிறு. கிளம்பிப் பத்து கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இழுத்துப் பாருங்கள். பஞ்சு அமுங்கிப் பிடி தளர்ந்திருக்கும்.

பூம் மட்டும் உள்ளே. பின்சீட்டின் சிறிய பக்கத்தை மடக்கி, முன்சீட்டு முதுகுவரை நீட்டி வைக்கலாம்.

கடல்மணல்:

மற்ற எல்லாம் சரி, பூமை உள்ளே வைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதினால், கட்டாத பொருள் தன் எடையைப் போல 30 முதல் 50 மடங்கு விசையோடு முன்னால் பாயும். மூன்று கிலோ பூம் என்றால் 90 முதல் 150 கிலோ வரை. பின்னோக்கி உட்காரும் குழந்தை டிக்கிப் பக்கம்தான் பார்த்திருக்கும். சீட்டின் ஓடு காப்பது முதுகை. பின்னாலிருந்து பறந்து வருவது முகத்துக்கு நேராக வரும். எனவே பின்சீட்டின் இரண்டு பக்கமும் நிமிர்ந்தே இருக்கட்டும், நீளமான எதுவும் உள்ளே வேண்டாம். பூமை 140-க்குச் சுருக்கி, செயில் பையை அதன் இரண்டு கைகளுக்கு நடுவே கிடத்துங்கள். பூமின் தலைப்பகுதிக்கு (மாஸ்டில் மாட்டும் முனை) ஒரு பழைய துண்டைச் சுற்றி, அது போர்டின் மூக்குக்கும் முன்னால் நிற்கும்படி வைத்தால் போர்டில் இடிக்காது.

சின்னச் சாமான்தான் இன்னும் ஆபத்து: மாஸ்ட் எக்ஸ்டென்ஷன் (மாஸ்டின் நீளத்தைக் கூட்டும் அடித்துண்டு), மாஸ்ட் பேஸ் (மாஸ்டைப் போர்டில் மாட்டும் மூட்டு), ஃபின், ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) கொக்கி. எல்லாம் மூடியுள்ள ஒரே பெட்டியில், டிக்கித் தரையில், பின்சீட்டு முதுகோடு ஒட்டி, தரையிலுள்ள கொக்கிகளில் பட்டை கட்டி. ஸ்ட்ரோலர் அதற்குப் பின்னால். டிக்கியின் மூடுபலகையைக் கழற்றி வீட்டில் போடாதீர்கள், அதன் மேல் எதையும் வைக்கவும் வேண்டாம்.

இன்னும் மூன்று விஷயம். ஐசோஃபிக்ஸ் அடித்தளத்துக்குத் தாங்குகால் இருந்தால் அது தரையில் உறுதியாக நிற்க வேண்டும், கீழே பையோ மிதியடியோ இருக்கக் கூடாது. இடம் பற்றவில்லை என்று குழந்தையை முன்சீட்டுக்கு மாற்றினால் அந்தப் பக்கத்து ஏர்பேக்கை அணைத்தே தீர வேண்டும். பின்னோக்கிய சீட்டின் மேல் அது விரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஐ-சைஸ் (ஐரோப்பியக் குழந்தை சீட்) விதிப்படி 15 மாதம் வரையாவது பின்னோக்கித்தான் உட்கார வேண்டும், ஆக இன்னும் பதினோரு மாதமாவது இதே ஏற்பாடுதான்.

முதலில் சாமானைக் கட்டி முடியுங்கள், கடைசியில் குழந்தையை உட்கார வையுங்கள். கட்டுவதற்கே அரை மணி ஆகும். அந்த நேரமெல்லாம் பிஞ்சு முதுகு சீட்டில் மடங்கிக் கிடக்க வேண்டாம். கரையில் கழற்றும்போது குழந்தை காருக்குள் இருக்கவே கூடாது, வெயில் குறைவாகத் தெரிந்தாலும்.

பாய்க்கட்டு:

சாமானைக் குறைப்பதையும் யோசியுங்கள். 400 மாஸ்டை வீட்டில் வைத்துவிட்டு 430 ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம். 5.7, 6.7 இரண்டும் அதில் நன்றாக நிற்கும், 6.7-க்கு எக்ஸ்டென்ஷனை 30 செ.மீ. அளவில் நீட்ட வேண்டிவரும். 4.7-இன் உச்சி வேரியோ (நீளமான மாஸ்டுக்கும் சரிசெய்யக்கூடிய) வகையானால் அதுவும் ஏறும். 430 கொஞ்சம் விறைப்பு அதிகம் (ஐ.எம்.சி.எஸ். என்ற விறைப்பு எண் 21, 400-க்கு 19), பலத்த காற்றில் பாய் முரடாக இழுக்கும், அவ்வளவே. மாஸ்ட் ஒன்றானால் 110 குழாயே போதும், நாலு கிலோ மிச்சம்.

டிரெய்லருக்குக் கொக்கி மாட்டும் செலவு தனி. நெதர்லாந்தில் அதை இழுத்துக்கொண்டு 90-க்கு மேல் ஓட்டவும் கூடாது. இரண்டு பேர் சாமான் இருந்தால்தான் அது நியாயம்.

நீர்க்காகம்:

மிக்க நன்றி. பூம் மேலேயே போகட்டும், 4.7 வேரியோதான். இரண்டு சந்தேகம். ஓட்டும்போது ஸ்ட்ராப் ஊளையிடும் என்கிறார்கள், குழந்தை தூங்காதே? ஈர வெட்சூட்டை எங்கே வைப்பது?

தென்மேற்கு:

தட்டையான பட்டை காற்றில் அதிர்வதால் வரும் சத்தம் அது. போர்டுக்கும் கம்பிக்கும் இடையே வெறும் காற்றில் நிற்கும் பகுதியை ஒன்றிரண்டு முறுக்கு முறுக்கிவிடுங்கள், நின்றுவிடும். மிஞ்சிய வால் பகுதியைக் கதவுக்குள் செருகாமல் ஸ்ட்ராப்பிலேயே முடிச்சுப் போடுங்கள். செருகினால் மழையில் அதன் வழியே தண்ணீர் உள்ளே இறங்கும்.

வெட்சூட்டுக்கு மூடி இறுகும் 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. மூடியில்லாவிட்டால் உப்பு ஈரம் கண்ணாடியெல்லாம் படியும், திரும்பும் வழி முழுக்க டீஃப்ராஸ்ட் ஓட்ட வேண்டியிருக்கும்.

கம்பி மாட்டியதும் தரையிலிருந்து போர்டின் உச்சிவரை அளந்து, எண்ணை எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். உங்கள் அடுக்குக்கு 1.90 மீட்டர் பக்கம் வரும். உயரத் தடுப்புக் கம்பி போட்ட வாகன நிறுத்தங்களில் நுழையும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.