சண்டையும் சமாதானமும் சொல்லும் படப் புத்தகத்தைக் குழந்தைகளுக்கு எப்படி வாசிப்பது?

கேள்வி

வணக்கம். எனக்கு ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இருவரும் ஓயாமல் சண்டையிடுவதால், அடுக்கிய கட்டைக் கோபுரம் தவறுதலாகச் சரிந்ததற்காக இரண்டு நண்பர்கள் சண்டையிட்டுப் பின்பு சேர்ந்துகொள்ளும் படப் புத்தகம் ஒன்றை இரவுதோறும் வாசித்துக் காட்டுகிறேன். கோபுரம் சரியும் பக்கத்தையே மகன் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்கிறான். மகளோ, கடைசிப் பக்கத்தில் ஒருவன் மன்னிப்புக் கேட்டதும் மற்றவன் உடனே சிரிப்பதைப் பார்த்து, "அவனுக்கு இன்னும் கோபம் போயிருக்காதே" என்கிறாள். சண்டையைக் காட்டும் புத்தகமே சண்டையைக் கற்றுக்கொடுத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இத்தகைய புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி வாசிப்பது?

பதில் 1

உங்கள் மகளின் கண் கூர்மையானது. நான் குழந்தைகள் புத்தகங்களுக்கு ஓவியம் வரைபவள்; அவள் கண்டுபிடித்த குறை எங்கள் தொழிலில் அடிக்கடி நேர்வது. படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது பக்கங்கள் எட்டாகவும் பதினாறாகவும் சேர்வதே அதற்குக் காரணம். தலைப்பு முதலியவை போக எஞ்சும் இடத்தில், வரைவதற்குச் சுவையான சண்டைக்கே பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, சமாதானத்தைக் கடைசிப் பக்கத்தில் அவசரமாக முடித்துவிடுகிறோம். நல்ல புத்தகத்தில் இடப்பக்க ஓரத்தில் ஒருவன், வலப்பக்க ஓரத்தில் மற்றவன், நடுவில் புத்தகத்தின் மடிப்பு மட்டும் என்று ஒரு சொல்கூட இல்லாத இடம் ஒன்றாவது இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் ஒருவனுடைய கால் மட்டும் மடிப்பை நோக்கிச் சற்று நகர்ந்திருக்கும். ஆகவே வாங்குவதற்கு முன், காய் விட்ட பக்கத்துக்கும் பழம் விட்ட பக்கத்துக்கும் இடையில் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பதில் 2

மழலையர் வகுப்பில் பல ஆண்டுகளாகக் கதை வாசித்து வரும் ஆசிரியை என்ற முறையில், உங்கள் மகனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். குழந்தைகளின் நியாய உணர்வைப் பற்றி 1932இல் வெளிவந்த நூலில், உளவியலாளர் ஜான் பியாஜே குழந்தைகளிடம் இரண்டு கதைகளைச் சொல்லிக் கேட்டதை விவரிக்கிறார்: ஒரு சிறுவன் அறியாமல் கதவைத் திறந்ததில் 15 கோப்பைகள் உடைகின்றன, இன்னொருவன் திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். சிறிய குழந்தைகளில் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனையே பெரிய குற்றவாளி என்றார்கள். வளர்ந்த குழந்தைகள் எண்ணத்தைப் பார்த்தார்கள். உங்கள் மகனின் கண் விழுந்த கட்டைகளின் மேலேயே நிற்பது அவன் வயதுக்கு இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

"யார் செய்தது தவறு?" என்று மட்டும் கேட்காதீர்கள்; கேட்டால் வாசிப்பு வழக்குமன்றமாகிவிடும், உங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிடுவார்கள். "இவன் முகத்தைப் பார், இப்போது இவனுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர்கள் சண்டையிட்ட சூட்டோடு இந்தப் புத்தகத்தை எடுக்கவும் வேண்டாம். அப்படி எடுத்தால் அது கதையாக இராது, படம் போட்ட வசவாகவே அவர்களுக்குத் தோன்றும்.

பதில் 3

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இருவரும் சம பலத்துடன் மோதுவது சண்டை. ஒருவரே எப்போதும் தோற்பதும் பயப்படுவதும் துன்புறுத்தல். இரண்டாவது நிலையில் இருக்கும் குழந்தைக்குச் சமாதானக் கதையை வாசித்தால், "நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்றே அதன் காதில் விழும். அங்கே முதலில் பெரியவர்கள் தலையிட்டுத் தடுக்க வேண்டும்; புத்தகம் பிறகு வரட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. என் பிள்ளைகளுக்குள் நடப்பது சம பலச் சண்டைதான் என்பதை இரண்டு நாள் கவனித்து உறுதி செய்துகொண்டேன். நேற்று இரவு கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் நிறுத்தி, "இவனுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். மகன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கட்டையை எடுத்துக் கொடுக்கணும்" என்றான். மகள், "இப்போது வேண்டாம், அவன் அழுது முடிக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கத்தை இருவருமே கேட்கவில்லை.