புதுப்பிப்பு: புரொப்பேன் சிலிண்டரோடு பால்டிமோர் சுரங்கப்பாதை

போன வாரம் கேட்டிருந்தேன்: ஆர்.வி.யில் (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) 20 பவுண்டு புரொப்பேன் எரிவாயு சிலிண்டர் இரண்டு இருக்கின்றன, அமெரிக்காவின் பால்டிமோர் நகரைக் கடப்பது எப்படி என்று. பயணம் நல்லபடியாக முடிந்தது.

துறைமுகச் சுரங்கம், ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கம் இரண்டிலும் ஒரு சிலிண்டருக்கு 10 பவுண்டுதான் வரம்பு. வால்வை மூடினாலும் சரி, நம் சிலிண்டருக்கு அனுமதி கிடையாது. பழைய பதிவுகளில், சுரங்கத்துக்குப் பதிலாக அங்கிருந்த கீ பாலம் வழியாகப் போகச் சொல்லியிருப்பார்கள். அது 2024 மார்ச்சில் இடிந்து விழுந்துவிட்டது. அதனால் 695 சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போனோம். கூடுதல் நேரம்தான், ஆனால் மனசு நிம்மதியாக இருந்தது.

அப்புறம் வர்ஜீனியாவில், பாலமும் சுரங்கமும் சேர்ந்த செசபீக் விரிகுடாப் பாலச் சுரங்கம். அங்கே விதி வேறு: வால்வை மூடிவிட்டால் நம்மைப் போன்ற வண்டிகள் போகலாம். நுழைவதற்கு முன்பே புரொப்பேனில் ஓடும் ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்து, சிலிண்டரின் தலையில் இருக்கும் வால்வையே மூடினேன். அடுப்புத் திருகை மட்டும் மூடுவது போதாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். சுரங்கத்துக்குள் அது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். கதவைத் திறக்காததால் ஃபிரிட்ஜில் எதுவும் கெடவில்லை.