தவக்கால நடைசெபம்: ஆலய வளாகத்தில் லேபிரிந்த் போடுவது எப்படி?

பெரம்பூர் இளையோர்:
வணக்கம். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை லேபிரிந்த் (கிளை பிரியாமல் வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் ஒரே பாதை) நடைசெபம் வைக்கலாம் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். ஆலயத்தை ஒட்டி 40க்கு 35 அடி சிமென்ட் தரை காலியாக இருக்கிறது. என்ன அளவு, எதில் வரைவது, ஒரே நேரத்தில் எத்தனை பேரை விடலாம்? ‘இது புறமதக் காரியம் இல்லையா?’ என்று அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் கூட்டம்) ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கும் ஒழுங்கான பதில் வேண்டும்.

சுண்ணாம்புக்கோடு:
பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் இருக்கும் 11 சுற்று வடிவம் உங்களுக்கு வேண்டாம். அதன் குறுக்களவே ஏறக்குறைய 42 அடி. 35 அடிக்குள் அடக்கினால் பாதை ஓர் அடிக்கும் குறைந்துவிடும், வயதானவர்கள் தடுமாறுவார்கள். பழைய 7 சுற்று வடிவம் போடுங்கள். பாதை 2 அடி, அகலம் 30 அடி, ஆழம் 27 அடி.

பின்சுவரிலிருந்து 17 அடி தள்ளி, 8 அடிச் சதுரம் ஒன்றைச் சாக்பீஸில் குறியுங்கள். இது அளவுக்கு மட்டும், பிறகு அழித்துவிடலாம். அதன் நடுவில் விளிம்பு தொடும்படி ஒரு சிலுவை. நான்கு மூலைகளிலும் புள்ளி. சிலுவைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் 2 அடிக் கைகளோடு ஒரு ‘ட’: மேல் வலதில் நேராக வரும், மற்ற மூன்றும் திரும்பி நிற்கும், மடங்கும் முனை எப்போதும் சிலுவையைப் பார்த்தே இருக்கும். இப்போது விளிம்பைச் சுற்றி 2 அடிக்கு ஒன்றாக 16 முனைகள்.

சிலுவையின் தலைக்கு வலப்புறம் 1 அடியில் ஆணி அடித்து, கயிறு கட்டி, 1, 3, 5 என்று 15 அடி வரை மேலே எட்டு அரைவட்டம். சதுரத்துக்கு வெளியே இறங்கும் முனைகளைக் கீழே கொண்டுவர, இடது மேல்புள்ளியை மையமாக வைத்து 2 முதல் 10 அடி வரை ஐந்து கால்வட்டம், வலது மேல்புள்ளியிலிருந்து 2 முதல் 12 அடி வரை ஆறு. அடியில் மிஞ்சும் மூன்று முனைகளைக் கீழ்ப்புள்ளிகளைச் சுற்றி வளைத்துச் சேருங்கள்: இடதில் 2 அடி, வலதில் 2, 4 அடி. சிலுவையின் அடிக்கு இடப்பக்கம் திறந்திருப்பதுதான் வாசல்.

பிழை வருவது முனை சேர்ப்பதில்தான். ஒன்று மாறினாலும் பாதை முட்டுச்சந்தாகிவிடும். அதனால் வரைந்ததும் ஒருவர் நடந்து பார்க்கட்டும். வெளிச்சுற்றை 1 என்று எண்ணினால் 3, 2, 1, 4, 7, 6, 5, பிறகு நடு. இந்த வரிசை வரவில்லை என்றால் கோடு தப்பு.

கோலமாவு வேண்டாம், சாயங்காலக் கடல்காற்றில் பறந்துவிடும். அரிசிமாவுக் கரைசல் ஒட்டும், ஆனால் எறும்பு வரும். கெட்டியான சுண்ணாம்புக் கரைசலைப் பிரஷ்ஷில் முந்தின நாளே பூசிக் காயவிடுங்கள், ஈரச் சுண்ணாம்பு வெறுங்காலைப் புண்ணாக்கும். மொத்தக் கோடு 360 அடி வரும். கயிறு விரிப்பதானால் 400 அடி வாங்குங்கள், ஆனால் கால் தடுக்கும்.

மௌனவழி:
உள்ளே போக 300 அடிக்குக் கொஞ்சம் மேல், வெளியே வர அதே தூரம். நிதானமாக நடந்தால் ஒருவருக்கு 15 முதல் 20 நிமிடம். முன்னவர் இரண்டு சுற்று முடித்த பிறகே அடுத்தவரை விடுங்கள், உள்ளே ஆறு பேர் போதும். உள்ளே போகிறவரும் திரும்புகிறவரும் அதே பாதையில்தான் எதிர்ப்படுவார்கள். வெளியே வருபவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

போகும்போது பாரத்தை இறக்குவது, நடுவில் நின்று கேட்பது, திரும்பும்போது கேட்டதைச் சுமந்து வருவது என்று பலர் மூன்றாகப் பிரிப்பார்கள். நீண்ட வாசகங்கள் கொடுக்காதீர்கள். ‘இயேசுவே, என்மேல் இரக்கமாயிரும்’ என்ற ஒரே வரியை காலடிக்கு ஒரு சொல்லாகச் சொன்னால் மூச்சும் நடையும் தானாகச் சேரும். முக்கியமாக, 7ஆம் சுற்றில் நடு கை எட்டும் தூரத்தில் இருக்கும், பாதையோ வெளியே தள்ளிக்கொண்டு போகும். அங்கேதான் பலர் கோட்டைத் தாண்டிக் குறுக்கே போகப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் பொறுமையாக நடப்பதே செபம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

காலை 7 மணிக்குள் அல்லது மாலை 5.30க்கு மேல் வையுங்கள். மார்ச் மாதச் சிமென்ட் தரையில் பகலில் கால் வைக்க முடியாது. ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

வேதபாடம்:
பெரியவரின் கேள்வி நியாயமானது, மழுப்பக் கூடாது. வடிவம் கிறிஸ்துவுக்கு முந்தியது. நம் ஊரிலும் பொள்ளாச்சி பக்கம் கெடிமேட்டில் கல்லால் ஆன சதுர லேபிரிந்த் உண்டு. ஆனால் சபை இதைப் பயன்படுத்தியதும் நேற்று இன்றல்ல. அல்ஜீரியாவில் கி.பி. 324இல் கட்டிய தேவாலயத்தின் தரையில், லேபிரிந்தின் நடுவே ‘பரிசுத்த சபை’ என்று லத்தீனில் எழுதியிருந்தது. இடைக்காலத்தில் மக்கள் எருசலேம் யாத்திரைக்குப் பதிலாக இதில் நடந்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அதை உறுதியாகச் சொல்லாதீர்கள், அந்தக் காலத்துச் சான்று இல்லை. இன்றைய நடைஜெபம் பரவியது 1990களில், சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்திலிருந்து. ஜெபம் யாரை நோக்கி என்பதுதான் கேள்வி. நடுவில் ஒரு சிலுவையும் திறந்த வேதாகமமும் வைத்தால் அந்தப் பெரியவருக்கே பதில் தெரியும்.

பெரம்பூர் இளையோர்:
மிக்க நன்றி. சக்கர நாற்காலியில் இரண்டு பேர் வருவார்கள். 2 அடிப் பாதையில் முடியுமா?

சுண்ணாம்புக்கோடு:
முடியாது, திருப்பங்களில் சிக்கிக்கொள்ளும். இதே வடிவத்தை ஒரு பலகையில் ஆணியால் கீறி, விரல் நுழையும் அளவு பள்ளமாக்கிக் கொடுங்கள். மடியில் வைத்து விரலால் நடக்கலாம். வலக்கைக்காரர் இடக்கை விரலால் போனால் வேகம் குறையும். பார்வையற்றவர்களுக்கும் அதே பலகை உதவும், அதனால் மூன்றாகச் செய்து வையுங்கள்.